தொட்டிக்குள் நடந்த வாக்கர்

என் தங்கை முகத்தில் பூசிக்கொள்ளும் முல்தானி மிட்டி பாக்கெட்டின் பின்பக்கத்தில், சின்ன எழுத்தில் 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்று போட்டிருக்கும். ஃபுல்லருடைய மண். ஃபுல்லர் என்று ஒரு துரை இருந்திருப்பார், ஏதோ ஓர் ஆற்றங்கரையில் இந்த மண்ணைப் பார்த்துவிட்டுத் தன் பெயரை வைத்திருப்பார் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். எவரெஸ்ட்டுக்கு வைத்த மாதிரி. அப்படி ஒரு ஆள் கிடையாது. ஃபுல்லர் என்பது ஒரு தொழில்காரன். அதே தொழில்காரனுக்கு இங்கிலாந்தின் வேறு பக்கத்தில் வாக்கர் என்றும், இன்னொரு பக்கத்தில் டக்கர் என்றும் பெயர். இது தெரிந்த நாளிலிருந்து ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் எனக்கு ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டன.

இதில் என்னை இழுத்துவிட்டது லீட்ஸ் நகரம். அங்கே இரண்டரை வருடம் வேலை பார்த்தேன். எங்கள் குழுவில் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் வாக்கர். முதல் வாரமே, வெகுளியாக, "நீங்கள் சொந்தக்காரர்களா?" என்று கேட்டுவைத்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மேல்தளத்தில் இன்னொரு வாக்கர் இருக்கிறார், தெருமுனைப் பல் டாக்டரும் வாக்கர்தான் என்றார் மூத்தவர். சரி, உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம் என்றேன். "நடக்கிறவன், வேறென்ன?" என்று தோளைக் குலுக்கினார். அவர் தினமும் காரில் வருகிறவர்.

பாதி சரி, பாதி தப்பு. அந்தப் பாதியில்தான் கதை இருக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு ஒரு விபத்து. புதிதாக வாங்கிய நல்ல கம்பளி ஸ்வெட்டரை, லேபிளைப் படிக்காமல், ஜீன்ஸோடு சேர்த்து வாஷிங் மெஷினில் சூடான தண்ணீரில் போட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது அது ஆறாம் வகுப்புப் பையன் அளவுக்குச் சுருங்கி, பாய் மாதிரி தடித்து, பின்னல் கண்ணே தெரியாமல் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டேன். பின்னால்தான் புரிந்தது: நான் தெரியாமல் செய்ததை இங்கிலாந்தில் ஒரு கூட்டம் நூற்றாண்டுக் கணக்கில் வேண்டுமென்றே செய்து பிழைத்திருக்கிறது.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி உடுத்த லாயக்கில்லாதது. இழைக்கு இழை வெளிச்சம் தெரியும். ஆட்டின் எண்ணெய்ப்பசையும், நூற்கும்போது தடவிய கொழுப்பும் அதில் ஊறிக் கிடக்கும். அதைத் தொட்டியில் போட்டு, புளித்த சிறுநீரை ஊற்றுவார்கள். ஆம், சிறுநீர்தான். நாள்பட்டால் அதில் அம்மோனியா கூடும். அம்மோனியா கொழுப்பை அறுக்கும். வடக்கே அதற்கு 'லான்ட்' என்று தனிப் பெயரே உண்டு; வீடு வீடாகச் சேர்த்து வைத்திருப்பார்கள், வாங்கிப் போக ஆள் வரும். ரோமாபுரியிலும் இதே கதைதான். சக்கரவர்த்தி வெஸ்பாசியன் சிறுநீருக்கு வரி போட்டு, காசு நாறாது என்று மகனுக்கு நாணயத்தை முகர்ந்து பார்க்கக் கொடுத்தது இந்தத் தொழிலை நம்பித்தான். அதோடு எண்ணெயை உறிஞ்சும் களிமண்ணையும் போடுவார்கள். நம் பக்கத்து உவர்மண்ணுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அதுதான் ஃபுல்லரின் மண். அப்புறம் மிதிக்க வேண்டும். வெறுங்காலோடு தொட்டிக்குள் இறங்கி, மணிக்கணக்காக. மிதிக்க மிதிக்க, கம்பளி இழைகளின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். துணி சுருங்கும், தடிக்கும், காற்றும் மழையும் புகாத போர்வையாகும். பிறகு அலசி, மரச்சட்டத்தில் கொக்கி மாட்டி, இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள்.

இந்த மிதிப்புக்குத்தான் மூன்று வார்த்தை.

ஃபுல்லர் லத்தீனிலிருந்து வந்தது, ரோமானியர்களின் 'ஃபுல்லோ'. பழைய ஆங்கிலத்திலேயே நுழைந்துவிட்ட சொல், பிறகு நார்மன் பிரெஞ்சு அதற்கு இன்னும் தெம்பு கொடுத்தது. டக்கர் பழைய ஆங்கிலத்தின் 'டூசியன்' என்ற வினையிலிருந்து. அதற்குப் பொருள் வதைப்பது, படுத்தி எடுப்பது. துணியைப் படுத்தி எடுக்கிறவன் டக்கர். சட்டையை 'டக்-இன்' பண்ணுகிறோமே, அந்த டக்கும் இதே குடும்பம்தான். (சென்னைப் பேச்சில் டக்கர் என்றால் பிரமாதம் என்று அர்த்தம் என்பதை, தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் ஒரு டக்கரிடம் சொன்னேன். மனிதருக்கு வாயெல்லாம் பல்.)

வாக்கர்? இதுவும் பழைய ஆங்கிலம்தான். ஆனால் அன்றைக்கு 'வெயல்கன்' என்றால் நடப்பது இல்லை. உருட்டுவது, புரட்டுவது, அலை புரள்வது. 'வெயல்கெரெ' என்றால் துணியைப் புரட்டி மிதிக்கிறவன். நடப்பது என்ற பொருள் அந்த வினைக்கு ஒட்டியது பின்னால். ஆகவே துணிமேல் நடந்ததால் வாக்கர் என்று பெயர் வந்தது என்று பல இடங்களில் எழுதியிருப்பது, கேட்க நன்றாக இருந்தாலும், வண்டியைக் குதிரைக்கு முன்னால் பூட்டுகிற வேலை. ஜெர்மன்காரர்களிடம் 'வால்க்கன்' என்றால் இன்றைக்கும் கம்பளியை மிதித்துத் தடிப்பாக்குவதுதான். அவர்கள் நடப்பதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த வினை தொட்டியை விட்டு வெளியே வந்து தெருவில் நடக்கத் தொடங்கிவிட்டது. பெயர் மட்டும் தொட்டியிலேயே தங்கிவிட்டது. தமிழில் இதற்கு நேர் எதிர். 'துவைத்தல்' என்ற சொல்லுக்கு அகராதியில் மிதித்து உழக்குதல் என்றும் பொருள் இருக்கிறது. நாம் துணி துவைப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

மூன்று சொல்லும் ஒரே ஊரில் கலந்து கிடக்கவில்லை என்பதுதான் அழகு. லீட்ஸ், மான்செஸ்டர் பக்கம் வடக்கிலும், மேற்கு மத்தியப் பகுதியிலும், ஸ்காட்லாந்திலும் வாக்கர். தென்கிழக்கில், நார்ஃபோக், சஃபோக், எசெக்ஸ், கென்ட், சசெக்ஸ் பக்கம் ஃபுல்லர். தென்மேற்கு மூலையில், டெவன், கார்ன்வால், சாமர்செட்டில் டக்கர். 1935இல் குஸ்தாவ் ஃபிரான்சன் என்ற ஸ்வீடன்காரர், இடைக்கால வரிப் பட்டியல்களையும் நீதிமன்ற ஏடுகளையும் புரட்டி, தொழில்பெயர்களை மாவட்டவாரியாகப் பிரித்து இந்த எல்லைகளைக் காட்டினார். இங்கிலீஷ்காரன் பெயரின் வரைபடத்தை ஸ்வீடனிலிருந்து ஒருவர் வந்து போட வேண்டியிருந்தது பாருங்கள். அந்த ஏடுகளுக்கு ஐநூறு வருடத்துக்கும் மேல் கழித்து, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வரைந்த படத்திலும் அதே மூன்று திட்டுகள் அப்படியே இருக்கின்றன. ரயில் வந்து, நிலக்கரி வந்து, ஊர் விட்டு ஊர் போன பிறகும்.

எல்லையில் சில சில்லறைச் சேதிகளும் உண்டு. தெற்கே ஹாம்ப்ஷயர் பக்கம் ஃபுல்லரை 'வொல்லர்' என்றும் எழுதுவார்கள். அந்தப் பக்கத்து வாய்க்கு 'ஃப' வராது, 'வ' ஆகிவிடும். ஆண் நரி 'ஃபாக்ஸ்', பெண் நரி மட்டும் 'விக்ஸன்' ஆனதற்கும் அதே நாக்குதான் காரணம். நியூகாசில் நகரில் வாக்கர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு ரோமானியச் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்று பொருள், நம் தொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில் கேலிக் மொழியில் 'மாக் அன் உக்காதர்' என்று இருந்தவர்கள், அதாவது துணி மிதிப்பவனின் மகன்கள், ஆங்கிலத்துக்கு மாறியபோது தங்களை வாக்கர் என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள்.

ஊருக்கு ஊர் தொழில்காரன் இருந்தான், சரி. அது எப்படி பேரனுக்கும் பெயராக ஒட்டியது? 1066இல் நார்மன்கள் வந்து இறங்கிய பிறகு மெல்ல மெல்ல நடந்த காரியம் அது. ஆண்களுக்கு வைக்கிற பெயரே ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்று ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. ஊரில் பத்து ஜான் இருந்தால் வரி வசூலிக்கிறவன் என்ன செய்வான்? மிதிக்கிற ஜான், தச்சன் ஜான், மேட்டுத்தெரு ஜான் என்று எழுதிக்கொள்வான். 1377, 1379, 1381 என்று அடுத்தடுத்துத் தலைவரி போட்டார்கள்; மூன்றாவதற்குக் குடியானவர்கள் கலகமே செய்துவிட்டார்கள். அந்த வரி ஏடுகளின் காலத்தில் பெயர் பாதி உறைந்த பனி மாதிரி இருந்தது. சிலருக்கு இன்னும் தொழில், சிலருக்கு அப்பாவோடு போன தொழில், வெறும் அடையாளம். 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களுக்குப் பெயர் கெட்டியாகிவிட்டது. அதன் பிறகு வாக்கரின் பேரன் ரொட்டி சுட்டாலும் வாக்கர்தான்.

ஆக, ஊருக்கு ஒரு வாக்கர் தனித்தனியாக முளைத்திருக்கிறார். என் குழுவின் இரண்டு பேரும் சொந்தமில்லை என்று சிரித்ததில் நியாயம் இருக்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் அப்பாவழி வரும் ஒய் குரோமோசோமைக் குடும்பப் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அட்டன்பரோ மாதிரி அரிதான பெயருள்ள ஆண்களில் பெரும்பாலோர் ஒரே மூதாதையிடம் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்மித் மாதிரி பொதுப்பெயர்க்காரர்களுக்குள்ளே, தெருவில் போகிற யாரோ இரண்டு பேருக்குள் இருக்கும் ஒற்றுமைதான் இருந்தது. வாக்கரும் அந்த ரகம். இது தெரியாமலோ, தெரிந்தேதானோ, சுற்றுலாக் கடைகளில் 'வாக்கர் குலச் சின்னம்' என்று சிங்கம் போட்ட கோப்பை விற்கிறார்கள். சின்னம் தனி மனிதருக்கும் அவர் வாரிசுக்கும் கொடுப்பது, பெயருக்குக் கிடையாது. சிறுநீர்த் தொட்டியில் நின்றவனுக்கு யார் சிங்கம் கொடுத்தார்கள்? கோப்பையில் இரண்டு பாதம் வரைந்திருந்தால் நானே ஒன்று வாங்கியிருப்பேன்.

பெயர் கெட்டியாவதற்கு முன்பே காலுக்கு வேலை போகத் தொடங்கிவிட்டது என்பது இன்னொரு வேடிக்கை. 1185இல் டெம்ப்ளர் வீரத் துறவிகள் தங்கள் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது, யார்க்ஷயரில் ஒன்றும் காட்ஸ்வோல்ட் பக்கம் ஒன்றுமாகத் துணி மிதிக்கும் ஆலைகளைக் குறித்து வைத்தார்கள். தண்ணீர்ச் சக்கரம் சுற்றும், அதன் அச்சில் உள்ள பற்கள் பெரிய மரச் சுத்தியல்களைத் தூக்கித் தூக்கிப் போடும், அடியில் துணி. உலக்கை இடிப்பதை ஆற்றிடம் விட்டுவிட்ட மாதிரி. எலினோரா கேரஸ் வில்சன் என்ற வரலாற்றாசிரியர் 1941இல் இதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றே வாதாடினார். துணித் தொழில் நகரத்தை விட்டு, ஓடை இறங்கும் மலையடிவாரம் தேடிப் போனது. 1298இல் லண்டனில் துணியை வெளியூர் ஆலைக்கு அனுப்பக்கூடாது, காலால்தான் மிதிக்க வேண்டும் என்று தடை போட்டார்கள். தடையால் ஆறு நிற்குமா?

எல்லா இடத்திலும் இயந்திரத்தை வெறுத்தது தொழிலாளி மட்டும் இல்லை. செயின்ட் ஆல்பன்ஸ் மடாதிபதி தன் ஆலையில்தான் எல்லாரும் துணி கொண்டுவந்து காசு கொடுத்து மிதிக்க வேண்டும் என்றார். ஊர்க்காரர்கள் வீட்டிலேயே மிதித்துக்கொண்டார்கள். 1274இல் ராணி எலினார் அந்த வழியாக வந்தபோது ஊர்ப் பெண்கள் போய் முறையிட்டார்கள். வழக்கு நடந்தது, மடம்தான் ஜெயித்தது. மாவரைப்பதிலும் இதே தகராறு. 1331இல் அடுத்தடுத்து வந்த மடாதிபதிகளில் ஒருவர், ஊர்க்காரர்களின் கைத்திருகைக் கற்களைப் பிடுங்கி வந்து மடத்துக் கூடத்தில் தரைக்கல்லாகப் பதித்துவிட்டார். ஐம்பது வருடம் கழித்து, அந்த 1381 கலகத்தில், ஊர்க்காரர்கள் உள்ளே புகுந்து கற்களைப் பெயர்த்து, உடைத்து, ஆளுக்கொரு துண்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஐம்பது வருடம் அந்தத் தரையை மறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

ஆலைக்கும் அந்தந்த ஊர்ச் சொல்லே பெயரானது. வடக்கில் 'வாக் மில்', தென்மேற்கில் 'டக்கிங் மில்', வேல்ஸில் 'பாண்டி'. 1910இல் சுரங்கத் தொழிலாளர் கலவரத்தால் செய்தியில் அடிபட்ட டோனிபாண்டி, நம்ம ஊர்ப் பாண்டிக்கு உறவு இல்லை. துணி மிதிக்கும் ஆலைக்குப் பக்கத்துத் தரிசு என்று பொருள்.

காலை கடைசிவரை விடாதவர்கள் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுக்காரர்கள். அதுவும் கால் இல்லை, கை, அதுவும் பெண்கள் கை. ஹெப்ரிடீஸ் தீவுகளில் நீளப் பலகையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, நனைந்த துணியை ஓங்கி அடித்து அடித்துப் பக்கத்திலிருப்பவளுக்குத் தள்ளுவார்கள். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். நம் நடவுப் பாட்டு மாதிரி. ஒரே அமர்வில் பாடிய பாட்டைத் திரும்பப் பாடினால் ஆகாது என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. இந்தப் பாட்டுகளுக்கு ஆங்கிலத்தில் 'வாக்கிங் பாட்டுகள்' என்று பெயர். எழுத்தில் ஓர் எழுத்து கூடுதலாகப் போட்டு நடையிலிருந்து பிரிப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடு வரைக்கும் இது நடந்தது, ஒலிநாடாவில் கேட்கலாம். பாட்டைவிட அடி விழும் சத்தம்தான் எனக்குப் பிடித்தது. ஆனால் ஒன்று: இத்தனை பெண்கள் அடித்தும் பெயர் போனது ஆண்வழியில்தான்.

கடல் தாண்டியும் அந்த மூன்று திட்டுகள் போயின. 1620இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போனவர்களில் எட்வர்ட் ஃபுல்லர், சாமுவேல் ஃபுல்லர் என்று அண்ணன் தம்பி இருவர். ஊர் எதுவென்றால், நினைத்த மாதிரியே, நார்ஃபோக். எட்வர்டும் மனைவியும் முதல் குளிர்காலத்தையே தாண்டவில்லை, மகன் பிழைத்தான். வர்ஜீனியாவில் 1625இல் எடுத்த குடியேறிகள் பட்டியலில், கேப்டன் வில்லியம் டக்கர் வீட்டில் ஆன்டனி, இசபெல் என்ற ஆப்பிரிக்கத் தம்பதியும், ஞானஸ்நானம் பெற்ற வில்லியம் என்ற அவர்கள் குழந்தையும் இருக்கிறார்கள். குழந்தைக்கு வீட்டுக்காரரின் பெயர். ஹாம்ப்டன் நகரில் ஒரு டக்கர் குடும்பம் தங்களை அந்தக் குழந்தையின் வழி என்று சொல்லிவருகிறது. வதைப்பது என்ற பொருளுள்ள சொல் அந்த வீட்டில் போய் நின்றதை நினைத்தால் எனக்கு வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை. 2010 அமெரிக்கக் கணக்கெடுப்பில் வாக்கர் 31ஆவது இடத்தில் இருக்கிறது; 5 லட்சத்துக்கு மேல் ஆட்கள்; அதில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். தலைமுடித் தைலம் விற்றுக் கோடீஸ்வரியான மேடம் சி. ஜே. வாக்கரும் பிறப்பில் சாரா பிரீட்லவ். வாக்கர் அவர் கணவர் பெயர்.

நமக்குத் தெரிந்த வாக்கர் பாட்டிலில் இருப்பவர்தான். ஜான் வாக்கர் 1820இல் ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் மளிகைக் கடை வைத்தவர். 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர், தொப்பியும் பூட்ஸுமாக வீறுநடை போடும் ஆளை வரைந்து கொடுத்தார். அந்தப் படத்தால் உலகமே வாக்கர் என்றால் நடக்கிறவன் என்று நம்பிவிட்டது. இந்தப் பெயர் பம்பாய்க்கும் வந்து, பத்ருதீன் காசி என்ற பஸ் கண்டக்டரை ஜானி வாக்கர் என்ற நகைச்சுவை நடிகராக்கியது; குடிகாரனாக நடித்துக் காட்டியதில் குரு தத் வைத்த பெயர்.

எங்களுக்கு இந்தத் தொந்தரவு இல்லை. விசா படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டால் அப்பா பெயரை எழுதிவிட்டு, அடுத்த எட்டு வருடம் எல்லாரும் அப்பா பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவதற்குத் திரும்பிப் பார்ப்பதோடு சரி. ஆனால் காரணம் எனக்குப் பெருமையானது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொன்னார்கள். நிறையப் பேர் விட்டார்கள். வாக்கரிடம் யாரும் "உன் தாத்தா சிறுநீர் மிதித்தவன்தானே" என்று கேட்பதில்லை. அவருக்கே தெரியாது. தமிழ் பைபிளில், உருமாறிய இயேசுவின் உடையை இந்தப் பூமியில் எந்த வண்ணானாலும் அப்படி வெளுக்க முடியாது என்று ஒரு வசனம் வரும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஃபுல்லர். பதினான்காம் நூற்றாண்டின் விக்ளிஃப் மொழிபெயர்ப்பில் 'ஃபுல்லர் அல்லது வாக்கர்' என்று இரண்டையும் போட்டார்கள், எந்த ஊர்க்காரன் படிப்பானோ என்று. பருத்தி நாட்டில் துணி மிதிக்கும் தொழிலே இல்லாததால் நம் மொழிபெயர்ப்பாளருக்கு அருகில் கிடைத்த சொல் வண்ணான். ஆனால் ஃபுல்லர் வெறும் பெயராகிவிட்டது. வண்ணான் இன்னும் ஆகவில்லை.

எக்ஸிடரில் ஃபோர் ஸ்ட்ரீட்டில் டக்கர்ஸ் ஹால் என்று ஒரு பழைய மண்டபம் இருக்கிறது. 1471இல் கட்டியது. 1620இல் அரச சாசனம் வாங்கிய சங்கத்தின் முறையான பெயரில் நெசவாளர்கள், ஃபுல்லர்கள், கத்தரிப்பவர்கள் என்றுதான் இருக்கிறது. சாசனம் எழுதியவர் ஃபுல்லர் என்றார். ஊர் வாய் டக்கர் என்றது. வாசலில் ஊர் வாய்தான் ஜெயித்தது.

அங்கிருந்து திரும்பும்போது பாத் நகருக்கு அருகே டக்கிங் மில் என்ற சின்னக் குடியிருப்பில் இறங்கினேன். வில்லியம் ஸ்மித் இருந்த இடம். ஒரு நாட்டுக்கே முதன்முதலாக 1815இல் நிலவியல் வரைபடம் போட்டவர். அவர் 1799இல் பாத்தைச் சுற்றியுள்ள பாறை அடுக்குகளை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தியபோது, ஓர் அடுக்குக்கு 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்று எழுதினார். இன்றும் நிலவியலில் அதற்கு அதே பெயர். குடியிருந்த இடத்தின் பெயர் டக்கிங் மில், காலுக்குக் கீழே ஃபுல்லரின் மண், ஆள் ஒரு கொல்லன் பெயர்க்காரர். சாலையோரத்து வீட்டுச் சுவரில் அவர் நினைவாக ஒரு கல் பதித்திருக்கிறார்கள். படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன், இதுதான் உன் முகத்து மண்ணுக்குப் பெயர் எழுதியவர் வீடு என்று. அப்புறம்தான் படித்தேன்: கல் இருப்பது பக்கத்து வீட்டில். அவர் குடியிருந்தது வேறு வீடு.